வீட்டுப்பாட மேசையில் ஒரு கலைச்சொல் பட்டியல்

என் சின்னவள் இங்கே இங்கிலாந்தில் இயர் ஃபோரில், அதாவது நாலாம் வகுப்பில், இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை பத்து வசனங்கள் உள்ள தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வசனத்திலும் ‘ஃப்ரண்டட் அட்வெர்பியல்’ எதுவோ அதற்குக் கீழே கோடு போட வேண்டும். ஆங்கிலத்தில் நான் நன்றாகவே கதைப்பேன், எழுதுவேன். வேலை இடத்தில் நாள் முழுக்க அதுதான். ஆனாலும் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதே இல்லை. “பரவாயில்லை அம்மா, நான் நாளைக்கு ரீச்சரிட்டக் கேக்கிறன்” என்று பிள்ளை தாளை மடித்து வைத்துவிட்டாள்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்துப் படித்தவள் நான். ஆகுபெயருக்கும் அன்மொழித்தொகைக்கும் என்ன வேறுபாடு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். இலக்கணம் எனக்குப் பிடித்த பாடம். அந்தப் பாடத்திலேயே என் பிள்ளை என்னைத் தாண்டி ரீச்சரிடம் போவது எனக்கு விருப்பமில்லை.

அன்றிரவு தேடியபோது கிடைத்ததுதான் நான் இங்கே எழுதப்போகும் பட்டியல். இங்கிலாந்தின் கல்வித் திணைக்களம் 2013இல் வெளியிட்ட தேசியப் பாடத்திட்டத்தோடு, ஆங்கிலப் பாடத்துக்கென்று ஒரு கலைச்சொல் விளக்கமும் சேர்ந்து வந்தது. அந்தப் பாடத்திட்டம் 2014 செப்டம்பரில் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. விளக்கம் அரசின் இணையதளத்தில் பிடிஎஃப்பாக இருக்கிறது. காசு இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. சின்னவள் இப்போது இயர் சிக்ஸை முடித்துவிட்டாள். இத்தனை வருடம் இதைப் பாவித்த பிறகு எழுதுகிறேன்: இங்கே பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர், முக்கியமாக ஊரில் தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்கள், ரியூஷனுக்குக் காசு கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்வைக்கு இதில் ஒன்றும் இல்லை. படம் இல்லை, நிறம் இல்லை. மூன்று நிரல் கொண்ட ஓர் அட்டவணை. முதலாவதில் சொல், இரண்டாவதில் விளக்கம், மூன்றாவதில் உதாரண வசனங்கள். எல்லாம் ஆங்கில அகரவரிசையில். நூலகத்தில் அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்க ஓரத்தில் பேனையால் நாலாவது நிரல் ஒன்று கீறினேன். அதற்குள் தமிழ்ச் சொல். அந்த நாலாவது நிரலை நிரப்பப் போய்த்தான் இந்தப் பட்டியலின் அருமை எனக்கு விளங்கியது.

‘நவுன்’ என்ற சொல்லுக்குப் போனேன். பெயர்களைக் குறிப்பது நவுன் என்று சொல்வார்கள், அது பெரும்பாலும் சரிதான், ஆனால் மற்றச் சொல்வகைகளிலிருந்து அதைப் பிரித்தறிய அது உதவாது என்று விளக்கம் நேராகவே சொல்கிறது. வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? ‘த’ போன்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் வைத்துப் பார், பொருந்துகிறதா என்று பார் என்கிறது. ‘வெர்ப்’புக்கும் அப்படித்தான். செயலைக் குறிக்கும் சொல் என்ற பழைய விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அது காலம் காட்டுமா என்று பார்க்கச் சொல்கிறது. நடப்பது ஒரு செயல். ஆனால் ‘த வாக்’ என்று வந்துவிட்டால் ‘வாக்’ அங்கே நவுன்.

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததும் இதுதான். பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. வினைச்சொல் காலம் காட்டும், வேற்றுமை ஏற்காது. பொருளைக் கேட்காதே, வசனத்தில் அந்தச் சொல் என்ன உருபு ஏற்கிறது என்று பார் என்ற அதே முறை. ‘நடை’ செயலைத்தான் சொல்கிறது, ஆனால் ‘நடையை’, ‘நடைக்கு’ என்று வரும். ஆகவே அது தொழிற்பெயர். ‘வந்தவனை’ என்பதில் காலமும் இருக்கிறது, வேற்றுமை உருபும் இருக்கிறது. அதனால்தான் அதற்கு வினையாலணையும் பெயர் என்று தனியாகவே ஒரு பெயர் வைத்தார்கள். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் இதை எழுதியபோது எனக்கிருந்த பயம் முழுக்கப் போய்விட்டது. இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை. சொற்கள்தான் வேறு.

அதே சமயத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் போகும் ஒரு ரியூஷன் நிலையத்தின் பயிற்சிப் புத்தகத்தையும் வாங்கியிருந்தேன். அதில் நவுன் என்றால் ‘நேமிங் வேர்ட்’, வெர்ப் என்றால் ‘டூயிங் வேர்ட்’, அவ்வளவுதான். சின்னவள் ‘சுவிம்மிங் இஸ் ஃபன்’ என்ற வசனத்தில் ‘சுவிம்மிங்’குக்குக் கீழே வெர்ப் என்று கோடு போட்டாள். அந்தப் புத்தகத்தின்படி அவளில் பிழை இல்லை, நீந்துவது செய்கிற காரியம்தானே. பட்டியலை எடுத்துக் காட்டி, ‘நீந்துவது நல்லது’ என்பதில் ‘நீந்துவது’ என்ன சொல் என்று கேட்டேன். “அது பேர் மாதிரி நிக்குது” என்றாள். ‘மாதிரி’ என்று சேர்த்துச் சொன்னாளே, அதற்காகவே அவளைக் கட்டிப்பிடித்தேன்.

சரி, ஃப்ரண்டட் அட்வெர்பியலுக்கு வருவோம். பட்டியலில் ‘அட்வெர்பியல்’ தனியாக இருக்கிறது, ‘ஃப்ரண்டிங்’ தனியாக இருக்கிறது. வினையை எப்போது, எங்கே, எப்படி என்று விரித்துச் சொல்லும் சொல்லோ தொடரோ அட்வெர்பியல். அது ஒரு சொல்லாக இருக்க வேண்டும் என்று இல்லை. ‘யெஸ்டர்டே’ மட்டுமல்ல, ‘இன் ஃபைவ் மினிட்ஸ்’ என்பதும் அட்வெர்பியல்தான். வழக்கமாக வினைக்குப் பின்னால் வருவது முன்னால் நகர்ந்தால் அது ‘ஃப்ரண்டட்’. அதற்குப் பின் பெரும்பாலும் ஒரு காற்புள்ளி.

எனக்கு இது முதலில் பிடிபடாததற்குக் காரணம் என் தமிழ்தான் என்று பிறகு விளங்கியது. தமிழில் வினை கடைசியில் வரும். ‘நேற்றுப் பின்னேரம் சந்தைக்குப் போனேன்’ என்றால் நேற்று, பின்னேரம், சந்தைக்கு எல்லாமே வினைக்கு முன்னால்தான் நிற்கின்றன. முன்னால் நகர்த்துவது என்று ஒன்றைத் தனியாகக் கவனிக்க எங்களுக்குத் தேவை வந்ததே இல்லை. ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்பதால் அதற்கு முன், பின் என்று இரண்டு பக்கம் இருக்கிறது. இதைச் சின்னவளுக்குக் கடதாசித் துண்டுகளில் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லும் ஒரு துண்டு, வினை சிவப்புப் பேனை. தமிழ் வசனத்தில் சிவப்புத் துண்டு கடைசியிலேயே இருந்தது. ஆங்கில வசனத்தில் நடுவில் நின்றது, அவள் மற்றத் துண்டுகளை அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு அவள் பயப்படவில்லை.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘ஃபியூச்சர்’. ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று வினையில் தனி வடிவம் இல்லை என்று அது சொல்கிறது. நாங்கள் ஊரில் ஆங்கிலம் படித்தபோது மூன்று காலம் என்றுதான் மனப்பாடம் செய்தோம், ‘வில்’ போட்டால் எதிர்காலம் என்று. உண்மையில் ‘வாக்’, ‘வாக்ட்’ என்று வினைச்சொல் உருமாறுவது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டுமே. நாளை நடப்பதைச் சொல்ல ‘வில்’ போடலாம், ‘கோயிங் டு’ போடலாம், ‘த ட்ரெயின் லீவ்ஸ் டுமாரோ’ என்று நிகழ்கால வடிவத்தையே வைக்கலாம். ‘வில்’லும் ஒரு மோடல் வெர்ப்தான், அதாவது இயலும், வேண்டும், கூடும் என்பது போன்ற பொருளைச் சேர்க்கும் துணைவினை, ‘மே’, ‘மஸ்ட்’, ‘கேன்’ இவற்றின் கூட்டாளி. தமிழில் அப்படியில்லை. நடந்தாள், நடக்கிறாள், நடப்பாள் என்று சொல்லுக்குள்ளேயே இடைநிலை காலத்தைச் சொல்லிவிடும். எதிர்காலம் என்ற மூன்றாவது பெட்டியும் எங்களிடம் இருக்கிறது என்று சொன்னபோது, “அப்ப தமிழில கூட இருக்கா?” என்று மகள் ஆச்சரியப்பட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எழுப்பினால் முகம் சுளிக்கும் பிள்ளை அவள். நாலாவது நிரலில் அந்த மூன்று வடிவங்களையும் அவளே எழுதினாள்.

‘டிட்டர்மினர்’ பெற்றோரை அதிகம் மிரட்டும் சொல். த, அ, திஸ், தோஸ், மை, சம், எவ்ரி என்று பெயர்ச்சொல்லுக்கு முன் வந்து அது எது, எத்தனை என்று வரையறுப்பவை எல்லாம் அதில் அடங்கும். தமிழில் அந்த, இந்த, எந்த என்ற சுட்டும் வினாவும் இவற்றுக்குக் கிட்ட வரும். ஆனால் ‘த’, ‘அ’ இரண்டுக்கும் நிகராகத் தமிழில் ஒன்றும் இல்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் ஆங்கிலம் எழுதும்போது அந்த இரண்டையும் விட்டுவிடுகிறோம். என் வேலை இடத்து மின்னஞ்சல்களை எடுத்துப் பார்த்தால் தெரியும். இந்தச் சொல்லை விளங்கிக்கொண்ட பிறகு என் எழுத்தும் கொஞ்சம் திருந்தியிருக்கிறது.

அடுத்தது ‘ஆஃப்டர்’. 2016 மே மாதம் பள்ளிகளுக்குப் பொறுப்பான அன்றைய அமைச்சரிடம் வானொலிப் பேட்டியில் ஒரு வசனத்தைச் சொல்லி, அதில் வரும் ‘ஆஃப்டர்’ ப்ரெபொசிஷனா (பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்), சபோர்டினேட்டிங் கன்ஜங்ஷனா (துணை வாக்கியத்தை இணைக்கும் சொல்) என்று கேட்டார்கள். அவர் ப்ரெபொசிஷன் என்றார். பாடத்திட்டத்தின்படி அது பிழை. செய்திகளில் பெரிதாக அடிபட்டது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, உண்மையாகவே வழுக்குகிற இடம் அது. பட்டியல் இதைத் தெளிவாகத் தீர்க்கிறது. ‘பிஃபோர்’, ‘சின்ஸ்’ போன்ற சில சொற்கள் இரண்டு வேலையும் பார்க்கும், பின்னால் என்ன வருகிறது என்று பார். ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்றால் பின்னால் பெயர், ஆகவே ப்ரெபொசிஷன். ‘ஆஃப்டர் வி ஏட்’ என்றால் பின்னால் எழுவாயும் வினையும், ஆகவே கன்ஜங்ஷன். தமிழில் இதை மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு: ‘சாப்பாட்டுக்குப் பிறகு’, ‘சாப்பிட்ட பிறகு’. முதலாவதில் நாலாம் வேற்றுமை உருபு, இரண்டாவதில் பெயரெச்சம். பிறகு என்ற சொல் ஒன்றுதான், அதன் முன்னால் நிற்பதுதான் மாறுகிறது. சில நவீன இலக்கண ஆசிரியர்கள் ஆங்கிலத்தின் இரண்டு ‘ஆஃப்டரை’யும் ப்ரெபொசிஷன் என்றே கொள்கிறார்கள். பட்டியலின் முன்னுரையும் இலக்கணத்தில் வெவ்வேறு பார்வைகள் உண்டு என்று ஒத்துக்கொள்கிறது. பரீட்சைக்கு எது வேண்டும், மொழியியலில் எது விவாதம் என்ற இரண்டையும் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்வது நல்லது.

ஒலி தொடர்பான சொற்கள் குறைவுதான், ஆனால் தரமானவை. ஃபோனீம் என்றால் ஒலியன், அதாவது ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலி; கிராஃபீம் என்றால் அந்த ஒலியை எழுதும் எழுத்து அல்லது எழுத்துக் கூட்டம். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியன் 44 என்று பள்ளிகளில் சொல்வார்கள், வட்டார உச்சரிப்பைப் பொறுத்து அது கூடும் குறையும். இந்த இடைவெளியில்தான் எழுத்துக்கூட்டல் சிக்கல் எல்லாம் இருக்கிறது. ‘ஷ்வா’ என்பது அழுத்தம் இல்லாத அசையில் வரும் மங்கலான உயிர், ‘டாக்டர்’ என்பதன் கடைசியில் வருகிறதே, அது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் உயிரொலி அதுதான். ஓ, ஈ, ஏ என்று பல எழுத்துகளுக்குள் ஒளிந்துகொள்வதால் பிள்ளைகள் எழுத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான். நாலாவது நிரலில் குற்றியலுகரம் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ‘நாடு’ என்பதில் கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகும் என்று படித்த எங்களுக்கு, உயிர் தேய்ந்து ஒலிக்கும் என்ற எண்ணம் புதிதில்லை.

‘ஸ்ப்ளிட் டைகிராஃப்’ என்பதற்கு மூத்தவன் ஒரு விளக்கம் சொன்னான். ‘மேக்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ஏயும் ஈயும் சேர்ந்து ஒரே உயிரொலி, ஆனால் நடுவில் கே வந்து இரண்டையும் பிரிக்கிறது. “எங்கட ‘கொ’ மாதிரித்தானே அம்மா” என்றான். கொம்பு ஒரு பக்கம், அரவு மறுபக்கம், நடுவில் க. இரண்டும் சேர்ந்துதான் ‘ஒ’. இத்தனை வருடம் தமிழ் எழுதியும் நான் அப்படி யோசித்ததில்லை.

இடையில் ஒன்று. ‘எட்டிமாலஜி’, அதாவது சொற்பிறப்பு, என்ற இடத்தில் ‘ஸ்கூல்’ என்பது ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று உதாரணம் தந்திருக்கிறார்கள். எங்கள் ‘பள்ளி’க்கும் படுக்கும் இடம், சமணத் துறவிகள் தங்கும் இடம் என்ற பொருள்கள் உண்டு. இதைச் சொன்னால் பிள்ளைகள் விட மாட்டார்கள், அன்றைய வீட்டுப்பாடம் அதோடு நின்றுவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அகரவரிசை தேட வசதி, படிக்க வசதியில்லை. ‘க்ளோஸ்’ என்று போனால், வினையைத் தலையாகக் கொண்ட ஒரு வகைத் ‘ஃப்ரேஸ்’ (சொற்றொடர்) என்கிறது. ‘ஃப்ரேஸ்’ என்று போனால் ‘ஹெட்’, அதாவது தலைச்சொல், என்ற சொல்லை வைத்து விளக்குகிறது. ஒன்றும் தெரியாமல் வருபவர் பக்கங்களுக்கிடையில் சுற்றிக்கொண்டே இருப்பார். நான் நவுன், வெர்ப், டிட்டர்மினர், ஃப்ரேஸ், க்ளோஸ், சென்டன்ஸ் என்ற ஒழுங்கில் படித்தேன். அப்படியே படிக்கச் சொல்வேன். சொற்களை எப்படி உச்சரிப்பது என்றும் இது சொல்லித்தராது.

எந்தச் சொல் எந்த வகுப்புக்கு என்பதும் இதில் இல்லை. அதற்குப் பாடத்திட்டத்தின் இரண்டாவது ஆங்கிலப் பின்னிணைப்பைச் சேர்த்து எடுக்க வேண்டும். டிட்டர்மினரும் அட்வெர்பியலும் இயர் ஃபோர், மோடல் வெர்ப்பும் ரிலேட்டிவ் க்ளோஸும் இயர் ஃபைவ், ஆக்டிவ், பாசிவ், சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் இயர் சிக்ஸ். அந்த அட்டவணை இல்லாமல் போனால், இயர் டூவில் இருக்கும் பிள்ளையிடம் செயப்பாட்டுவினை கேட்டு அழவைத்துவிடுவோம். இயர் சிக்ஸ் முடிவில் மே மாதம் வரும் பரீட்சையில் இலக்கணமும் நிறுத்தக்குறியும் 45 நிமிடத்தில் 50 புள்ளிகளுக்கு, எழுத்துக்கூட்டல் இன்னும் 20. அதற்குத் தயார் செய்ய இந்த இரண்டு தாளும் பழைய வினாத்தாள்களும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

இன்னொன்று முக்கியம். இது ஆசிரியர்களின் உதவிக்காக, பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்காக அல்ல என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து அச்செடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பெற்றோர் படித்து, பிறகு வாயால் சொல்லிக் கொடுப்பதற்கானது.

உயர் வகுப்புக்கு இது காணாது. மூத்தவன் ஏ லெவலுக்கு ஆங்கில மொழி எடுத்திருக்கிறான். அவனுடைய பாடத்தில் ப்ராக்மாட்டிக்ஸ் (சூழலைப் பொறுத்து வரும் பொருள்), டிஸ்கோர்ஸ் (வசனத்துக்கு மேற்பட்ட உரையமைப்பு), பணிவுக் கோட்பாடுகள் எல்லாம் வருகின்றன. பட்டியலில் ‘ரெஜிஸ்டர்’ இருக்கிறது, ஒரே செய்தியைக் கடிதத்தில் ஒரு மாதிரியும் பேச்சில் ஒரு மாதிரியும் சொல்வது பற்றி. அதற்கு மேல் இல்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான், எங்கள் ஊரில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். நான் அவன் அப்பாவை எப்போது ‘நீர்’ என்பேன், எப்போது ‘நீங்கள்’ என்பேன் என்று ஒரு வாரம் குறித்துவைத்துத் தன் வகுப்பில் பேசினான். அவனுக்கு வேறு நூல்கள் தேவை, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பவர்களுக்கு, இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, அகரவரிசைக்காகக் குறைத்தது.

என் நாலாவது நிரலில் இன்னும் சில பெட்டிகள் வெறுமையாக இருக்கின்றன. ‘எலிப்சிஸ்’ என்பதற்குத் தொகை என்று எழுதி அடித்திருக்கிறேன். ‘பால் குடித்தான்’ என்பதில் உருபு மறைந்திருப்பதும், ஆங்கிலத்தில் ஒரு முழுச் சொல்லோ தொடரோ விடுபடுவதும் ஒன்றாகப் படவில்லை. ‘மோடல் வெர்ப்’புக்கு ‘வேண்டும்’, ‘லாம்’, ‘முடியும்’ என்று உதாரணம்தான் இருக்கிறது, பெயர் இல்லை. ‘கொஹீஷன்’, அதாவது வசனங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பது, அந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. தமிழ்ப் பள்ளிகளில் இவற்றுக்கு யாராவது ஒரு சொல் வைத்துப் படிப்பிக்கிறீர்கள் என்றால் எனக்குச் சொல்லுங்கள், பென்சிலால் எழுதி வைக்கிறேன்.